பாஸ் அவுட்

ஆங்கிலத்தில் என்னை யாரும் மடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதிகம் போனால் மூன்று வருஷத்துக்கு முன்னால். கொருக்குப்பேட்டையில் அப்பாவின் மளிகை மொத்தக் கடைக்கு மேலே, மிளகாய் மூட்டையின் நெடி படியேறி வரும் மாடி அறையில், ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இப்போதும் நடத்துகிறேன். அந்த நினைப்பு மட்டும் இப்போது இல்லை. அது என்னை விட்டுப் போவதற்குள் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டுத்தான் போனது.

என் வகுப்புக்கு வருகிறவர்கள் ஆங்கிலம் தெரியாதவர்கள் இல்லை. கன்டெய்னர் யார்டில் லாரிகளின் சீட்டுப் பார்ப்பவர்கள், துணிக்கடையில் நிற்கிற பெண்கள், எண்ணூர்ப் பக்கம் ஃபிட்டர் வேலை செய்கிறவர்கள். கிவ், டேக், புட், கெட், லுக் என்று எல்லா வினைச்சொல்லும் அவர்களுக்குத் தெரியும். அதன் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அந்தத் துண்டுச் சொல்லில்தான் சறுக்குவார்கள். லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது. ஒருவர் இன்டர்வியூவுக்குப் போய் "ஐ ஆம் லுக்கிங் ஆஃப்டர் எ ஜாப்" என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்த வேலையையே பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

இதைச் சொல்லிக்கொடுக்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். இலக்கணப் புத்தகத்தை மூடிவிட்டு, போர்டில் 'போடு' என்று தமிழில் எழுதுவேன். போட்டுக்கோ என்றால் சட்டை. போட்டுக் கொடு என்றால் சூப்பர்வைசரிடம் கோள் சொல்வது. போட்டுத் தள்ளு என்றால் கொலைக் கேஸ். வினைச்சொல் ஒன்றுதான், வால்தான் மாறுகிறது, இங்கிலீஷ்காரனும் இதைத்தான் செய்கிறான் என்பேன். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உண்மையைச் சொன்னால் அதற்காகவே வகுப்பு நடத்தினேன் என்றுகூடச் சொல்லலாம்.

நம் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போய், வினைச்சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வாலை மட்டும் வைத்துக்கொள்வார்கள். ஃபேனை ஆன் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு, செல்லு டவுன் ஆயிடுச்சி, ஒரு குவார்ட்டருக்கே ஆளு அவுட்டு. சில சமயம் வினையும் வாலும் சேர்ந்தே இருக்கும், ஆனால் அர்த்தம் நாம் வைத்ததாக இருக்கும். பாஸ் அவுட் அப்படி ஒன்று. "நீ எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று கேட்காத ஆள் இந்த ஊரில் உண்டா? படித்து முடித்து வெளியே வந்த வருஷத்தைக் கேட்கிறோம். வெள்ளைக்காரனுக்கு அது மயங்கி விழுவது.

அந்த அர்த்தம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். எம்.ஏ. படித்த காலத்தில் அகராதியில் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்தது ஒரு பக்கம், வாயில் புழங்குவது ஒரு பக்கம். வேண்டிய நேரத்தில் எது முன்னால் வந்து நிற்கும் என்று சொல்ல முடியாது. எனக்கு எது வந்து நின்றது என்பதைத்தான் சொல்லவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வகுப்புக்கு ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி. கணவர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். பிளஸ் டூ படிக்கிற ஒரே பெண். ராயபுரம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வார்டு வேலை. நர்சிங் உதவியாளர் படிப்பை இரண்டு வருஷம் முறையாகப் படித்து சர்ட்டிபிகேட் வாங்கியவள். ஆனால் அங்கே டாக்டர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஆயாம்மாதான்.

அவளைவிட நான் ஏழு மாதம் சின்னவள். அது பின்னால் அவள் வேலைக்கு ஃபார்ம் நிரப்பும்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னை மிஸ், வாங்க, போங்க என்றாள். நான் அவளை நீ, வா, போ என்றேன். ஒருநாளும் எனக்கு அது உறுத்தவில்லை.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜென்சி மூலம் தெரிந்து, அதற்காகத்தான் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு நிபந்தனை. ஆங்கிலப் பரீட்சை தேறியிருக்க வேண்டும், நாற்பது வயது தாண்டியிருக்கக் கூடாது. அவளுக்கு நாற்பதுக்கு எட்டு மாதம் பாக்கி. "இத்த உட்டா எனக்கு வேற சான்சே கெடயாது மிஸ்," என்று முதல் நாளே சொன்னாள். "பொண்ணு நர்சிங் காலேஜி போவணும்னு கீது. எங்க வூட்டுக்காரரு சம்பளம் வூட்டு சாமானுக்கே செரியாப்பூடுது. நான் போனாத்தான் அவ படிப்பா."

தாமதமாக வந்தால் "கேட்டு போட்டுட்டான் மிஸ்" என்பாள். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட்டை மூடிவிட்டால் அரை மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். ஆனால் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் வீட்டில் போய்ப் படிப்பதை அங்கேயே படித்துவிடுவாள். மருந்துக் கம்பெனி கொடுக்கும் இலவச நோட்டு ஒன்றில் அவளாகவே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். எல்லாம் வார்டில் டாக்டர்கள் பேசுவதைக் கேட்டு எழுதிக்கொண்டது. த்ரோ அப் என்றால் வாந்தி. பிரிங் டவுன் என்றால் காய்ச்சலைக் குறைப்பது. ஒருநாள் "பேஷண்ட் கம் ரவுண்ட்" என்று ஒரு வாக்கியம் சொன்னாள். நான் "கேம் ரவுண்ட்" என்று திருத்தினேன். அதற்கு மயக்கம் தெளிவது என்று ஒரு அர்த்தம் இருப்பது எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அதை அவளிடம் நான் காட்டிக்கொள்ளவில்லை. வகுப்பு முடிந்ததும் அகராதியை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரியாக இருந்தது.

இரண்டாவது முறையில் பரீட்சை தேறினாள். அன்றைக்கு எனக்கும் அப்பாவுக்கும் கடையில் இருப்பவர்களுக்கும் பர்மா நூடுல்ஸான அத்தோ பார்சல் வாங்கிக்கொண்டு வந்தாள். அப்பா தூத்துக்குடிப் பக்கத்து நாக்குக்காரர், அத்தோவைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பவர். அவளுக்காக முழுப் பொட்டலத்தையும் சாப்பிட்டார். என் வகுப்பிலிருந்து ஒருத்தி லண்டன் போகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அது லண்டனே இல்லை, எங்கேயோ வடக்கே ஒரு சின்ன ஊர்.

அடுத்த ஞாயிறு மதியம், வகுப்பு முடிந்த பிறகு, என் கம்ப்யூட்டரில் ஃபார்ம் நிரப்ப உட்கார்ந்தோம். அவளுக்கு மெயில் ஐடி கிடையாது. நானே ஒன்று உண்டாக்கி என் போனில் போட்டுக்கொண்டேன். ஃபார்ம் நீளமானது, பக்கம் பக்கமாகக் கேள்வி. அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நான் ஒவ்வொன்றாகப் படித்து, அர்த்தம் சொல்லி, அவள் சொல்வதை அடித்துக்கொண்டே வந்தேன். உடல்நலம் பற்றிய பக்கத்தில் ஒரு கேள்வி. "ஹேவ் யூ எவர் பாஸ்ட் அவுட், அட் வொர்க் ஆர் இன் ட்ரெய்னிங்?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் எந்த வருஷம்.

ட்ரெய்னிங் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. படிப்பு பற்றிய கேள்வியை எதற்கு உடல்நலப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை. ஆம் என்று டிக் அடித்தேன். "எந்த வருஷம் பாஸ் அவுட்?" என்று கேட்டேன். அவள் வருஷத்தைச் சொன்னாள். அடித்தேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கடைசியில் சப்மிட் பட்டனை அவளையே அழுத்தச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. திருவொற்றியூரில் ஒரு கம்பெனி ஆட்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். கொருக்குப்பேட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் வழக்கம்போல சிக்னலில் வண்டியைப் போட்டுவிட்டார்கள். போனை எடுத்துப் பார்த்தால் மெயில். பயிற்சிக் காலத்தில் நினைவிழந்து விழுந்ததாகத் தாங்களே தெரிவித்திருப்பதால், முதியவர்களைத் தூக்கி இறக்கும் இந்த வேலைக்குத் தங்கள் விண்ணப்பத்தை மேற்கொண்டு பரிசீலிக்க இயலாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ ஒருத்தியின் பதிலை இவள் பேருக்கு அனுப்பிவிட்டான்கள் என்று நினைத்தேன். இவள் எங்கே மயங்கி விழுந்தாள், இரண்டு ஆளைத் தூக்குகிற உடம்பு. பிறகு அந்த வரியை மறுபடி படித்தேன். வண்டி கிளம்பி, நின்று, நான் இறங்கவேண்டிய ஸ்டேஷன் போய், அதற்கடுத்த ஸ்டேஷனும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பதில் எழுதினேன். எங்கள் நாட்டில் இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு அர்த்தம் உண்டு, அந்த வருஷம் அவர் படிப்பை முடித்த வருஷம், சர்ட்டிபிகேட்டைப் பாருங்கள் என்று. அவ்வளவு நல்ல ஆங்கிலத்தில் நான் அதுவரை எதுவுமே எழுதியதில்லை. இரண்டு நாளில் பதில். உறுதிமொழியோடு கொடுத்த தகவலை மாற்ற வழியில்லை, ஒரு வருஷம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் கழித்து அவளுக்கு நாற்பது தாண்டியிருக்கும். ஏஜென்சிக்குப் போன் செய்தேன். "ஃபார்ம் நாங்க ஃபில் பண்ணல மேடம்," என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்து, "இன்னா மிஸ், மெயில் எதுனா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"வந்துச்சு. வேகன்சி முடிஞ்சிடுச்சாம். வேற ஆளுங்கள எடுத்துட்டாங்களாம்," என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "செரி மிஸ்," என்றாள். "நம்ம நேரம் அவ்ளோதான்."

அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சுத்தப் பொய். எம்.ஏ. படித்த மிஸ், வால் வால் என்று போர்டில் எழுதிச் சிரிக்க வைக்கிற மிஸ், அந்த வாலிலேயே தடுக்கி விழுந்தாள் என்று வகுப்பில் தெரிந்துவிடக் கூடாது. எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். அந்த இரண்டு மெயிலையும் அழித்தேன். அவள் இன்னும் இரண்டு ஞாயிறு வந்தாள். பிறகு நின்றுவிட்டாள். ஏன் வரவில்லை என்று நான் ஒரு போன்கூடச் செய்யவில்லை. அவள் பெண் நர்சிங் சேரவில்லை, எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள் என்று வகுப்பில் யாரோ சொன்னார்கள். அன்றைக்குப் பாடத்தைச் சீக்கிரம் முடித்தேன்.

அதன் பிறகு ராயபுரம் போகவேண்டியிருந்தால் அந்த ஆஸ்பத்திரி இருக்கும் தெரு வழியாகப் போகமாட்டேன். சுற்றிக்கொண்டு போவேன். இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடியது.

போன மழைக்காலத்தில், ஒரு மதியம், அப்பா கடையில் புளி நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நானும் கடையில் வேலை செய்கிறவரும் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம். எங்கே போகிறோம் என்று நான் பார்க்கவே இல்லை. ஆட்டோக்காரர் எது பக்கமோ அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தது அவள்.

என்னைப் பார்த்தாள். "இன்னா மிஸ், அப்பாவுக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டுக்கொண்டே அவர் விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தாள், கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். அதற்குள் அப்பா கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணுமில்லட்டி, கடையப் பூட்டுனியா?" என்றார். அவள் சுவரிலிருந்த போனை எடுத்து மாடியிலிருந்த டாக்டரிடம் பேசினாள். "சார், மேல் பேஷண்ட், செவன்டி டூ. ஹி..." ஒரு கணம் நிறுத்தினாள். "ஹி பாஸ்ட் அவுட் அட் ஹிஸ் ஷாப். ஃபைவ் மினிட்ஸ். நவ் ஹி ஹேஸ் கம் ரவுண்ட். சுகர் ஃபிஃப்டி டூ."

ஒரு பிழை இல்லை. நான் ஸ்ட்ரெச்சரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குளுக்கோஸ் ஏறத் தொடங்கி, அப்பாவுக்கு முகத்தில் ரத்தம் வந்து, பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டுப் போன பிறகு, வராந்தாவில் அவளிடம் போனேன். "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றேன். "அந்த வேலை. வேகன்சி முடியல. நான்தான் ஃபார்ம்ல..."

"தெரியும் மிஸ்," என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"பாஸ் அவுட்டுன்னா இன்னான்னு எனக்குத் தெரியாதா மிஸ்? வார்டுல டெய்லி சொல்றதாச்சே. வேகன்சி முடிஞ்சிடுச்சின்னு நீங்க சொன்னப்பவே புரிஞ்சிடுச்சி, இதான் மேட்டருன்னு."

"அப்ப ஃபார்ம் போடும்போதே ஏன் சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். அதில் நடிப்பு எதுவும் இல்லை. "சொன்னேனே மிஸ்," என்றாள். "'மயக்கம் போட்டு உழுந்துகிறியான்னு கேக்கறாப்புல கீது மிஸ்'னு சொன்னேன். நீங்க சிரிச்சீங்க. 'அது வார்டு இங்கிலீஷ், இது ஆபீஸ் இங்கிலீஷ்'னீங்க. அப்பறம்தான் நான் வருசத்த சொன்னேன்."

எனக்கு அது ஞாபகமில்லை. இன்றுவரை ஞாபகமில்லை. எத்தனையோ நாள் உட்கார்ந்து தேடிப் பார்த்துவிட்டேன். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தது இருக்கிறது, அவள் சொன்ன வருஷம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தியது இருக்கிறது. நான் சிரித்தது மட்டும் இல்லை. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. வார்டு இங்கிலீஷ், ஆபீஸ் இங்கிலீஷ் என்று பிரித்துக் கேலி பேசுவது என் வாய்தான். யார்டிலிருந்து வருகிறவர்களிடம் "இது யார்டு இங்கிலீஷ்" என்பேன், துணிக்கடைப் பெண்களிடம் "இது கடை இங்கிலீஷ்" என்பேன். அந்தப் பேச்சை வேறு யாரும் எனக்காக உண்டாக்கிச் சொல்ல முடியாது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "நீ இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே," என்றேன். அந்த இடத்தில் நின்றுகொண்டும் பழியில் ஒரு பங்கை அவள் பக்கம் தள்ளப் பார்த்தேன். இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கூசுகிறது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, யோசித்துச் சொன்னாள். "இன்னான்னு சொல்றது மிஸ்? நீங்க அவ்ளோ கரெக்ட்டா சொன்னதும் எனக்கே டவுட்டாப்பூடுச்சி. இத்தினி வருசமா நான்தான் தப்பா சொல்லிக்கினு கீறேன் போலன்னு நெனச்சிட்டேன். வேலை போனதுகூட பரவால்ல மிஸ், போனது போச்சி. அந்த வார்த்தைய சொல்றப்ப இன்னும் நாக்கு நின்னு நின்னுதான் போவுது. தோ, இப்ப டாக்டராண்ட உங்கப்பாவ பத்தி சொன்னப்பகூட, சரிதானான்னு ஒரு செகண்டு நின்னுட்டுதான் சொன்னேன்."

சரிதான் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஒரு வார்த்தையையாவது அவளுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அப்பாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, "பயப்படாதீங்க மிஸ், ஒண்ணும் ஆவாது," என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.